பெலாடிக்குக் கேட்காத மூன்று ஒலிகள்

லிம்போப்போ மாகாணத்து மாபோக்கெங் பள்ளியில், பெலாடிக்குக் கேட்காமல் போன மூன்று ஒலிகள் அடங்க மறுத்து வகுப்பறையிலேயே தங்கிவிட்டன. காது பரிசோதிக்க வந்த சுகாதாரப் பணிப்பெண் ஸ்மார்ட்போனில் ஹெட்போனை மாட்டி, "சத்தம் கேட்டா கையத் தூக்கு, கண்ணு" என்று சைகை காட்டியபோது மற்ற நாற்பது பிள்ளைகளும் தூக்கினார்கள். எட்டு வயதுப் பெலாடி தூக்கவில்லை. வாத்தியார் மாஷாலா அவளைத் திமிர் பிடித்தவள் என்று கடைசி பெஞ்சில் போட்டிருந்தார். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் ஒலிகள் வெளியே வந்து ஜன்னலோரம் நின்று கீச்சிட்டன.

குறையைக் கண்டுபிடித்ததற்கு மாவட்ட அலுவலகம் விழா எடுத்தது. கேக்கில் காது வரைந்திருந்தார்கள். அதையும் அதிகாரிகளே தின்றார்கள். காது மெஷினுக்கு மருத்துவமனை இரண்டு வருடம் தள்ளித் தேதி கொடுத்தது. அந்தத் தேதியில் மெஷின் பொருத்துகிறவர் மாற்றலாகிப் போயிருந்தார். அதற்குள் மறுவருடப் பரிசோதனையும் வந்து போயிருந்தது. அறையில் இரைச்சல் அதிகம் என்று போன் பரிசோதிக்க மறுத்தது. பரிசோதனை இல்லாததால் யாரும் தோற்கவில்லை. மாபோக்கெங்கில் செவிக்குறை பூஜ்யம் என்று அறிக்கை போனது, கேடயம் வந்தது.

ஒலிகளுக்கு மேலே பேச மாஷாலா கத்த வேண்டியிருந்தது. பெலாடிக்கு முதல்முறையாகப் பாடம் காதில் விழுந்தது. ஒரே பருவத்தில் வாய்ப்பாடு முழுக்க ஒப்பித்தாள். மாஷாலாவுக்கு முகம் சுண்டிப்போனது.

"கேக்கலைன்னு ஏண்டி சொல்லல?"

"நீங்க கேட்டதே எனக்குக் கேக்கல சார்."

முன்பெஞ்சுக்கு மாற்றினார்.

மூன்றாம் வருடம் மாவட்ட அதிகாரி ஒரு லாரி நிறைய ஒலியுறிஞ்சும் பலகைகளோடு வந்திறங்கினார். பள்ளி வாசலில் எண்ணெயில் பொரித்த மக்வின்யா மாவுருண்டை விற்கும் பெலாடியின் தாய், கரண்டியோடு வந்து வகுப்புக் கதவை மறித்தாள்.

"எம்மக காதுக்கு மெஷின் வரல. சத்தத்த அமுக்க லாரி வருதாக்கும்?"

"அம்மா, பரிசோதனைக்கு இது இடைஞ்சல்."

"மூணு வருஷமா கத்துது, உங்களுக்குக் கேக்கலியே! வாங்க, ஹெட்போன உங்களுக்கு மாட்டுறேன். மெஷின் வரட்டும், அப்புறம் அமுக்குங்க. அதுவரைக்கும் சார் கத்தட்டும்."

"ஏற்கனவே கத்திக்கிட்டுத்தான் இருக்கேன்மா!" என்று உள்ளிருந்து மாஷாலா கத்தினார்.

லாரி திரும்பிப் போனது. மெஷின் இன்னும் வரவில்லை, ஒலிகளும் போகவில்லை. பெலாடியின் வகுப்பு மேலே போகப்போக அவையும் அறை மாறுகின்றன. அந்த வகுப்புக்கு வாத்தியார் எடுக்கும்போது பட்டத்தைப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையையும் பார்க்கிறார்கள்.