மருமகளின் நாக்கு

தொழிற்சாலை வாசலில் மெஸ் நடத்தும் அந்த அம்மாளுக்குத் தட்டைப் பார்த்தே ஆளை எடை போடும் பழக்கம். வழித்துச் சாப்பிட்டால் நல்ல மனுஷன். பாதியில் கை கழுவினால் திமிர் பிடித்தவன். தன் மருமகளையும் அந்தத் தராசில்தான் நிறுத்தாள்.

மருமகள் ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். கொஞ்ச நாளாகச் சோற்றில் கை வைத்தாலே முகம் சுளிப்பாள். ஒரு வாய் போட்டதும் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவாள்.

"காரமா இருக்கு அத்தை. நாக்கு எரியுது."

"ஊரே சப்புக்கொட்டிச் சாப்பிடுது. உனக்கு மட்டும் எரியுதா? மகாராணி நாக்கு!"

அன்றே தங்கைக்குப் போன் போட்டாள். "என் சமையல் அவளுக்கு இறங்கலையாம். அவ்வளவு நாக்கு நீளம்டி அவளுக்கு."

ஒரு மத்தியானம், பரிமாறிக்கொண்டிருந்த மருமகளின் கையிலிருந்து சாறு வாளி நழுவி விழுந்தது. "கை மரத்துப்போச்சு அத்தை. காலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"வேலைன்னா மட்டும் மரத்துப்போகுமே!"

சாப்பிட வந்தவர்கள் சிரித்தார்கள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மண்டியிட்டு அவள் தரையைத் துடைத்தாள்.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. மகன் லாரியோடு வெளியூரில் இருந்ததால் மாமியாரே கூட்டிப்போனாள். "நல்லா நாலு வார்த்தை சொல்லுங்க டாக்டரம்மா. எதையும் வாயில வைக்க மாட்டேங்குறா."

டாக்டர் மருமகளின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "நாக்கை நீட்டும்மா."

மாமியாரும் எட்டிப் பார்த்தாள். சொரசொரப்பே இல்லாமல், தோலுரித்த மாதிரி வழவழவென்று, பச்சை மாமிசமாகச் சிவந்திருந்தது நாக்கு. கடைவாய் இரண்டும் வெடித்திருந்தன.

"இதோட எப்படிம்மா சாப்பிடுவ? கை கால் மரத்துப்போகுதா?"

மருமகள் தலையசைத்தாள்.

"ரத்தம் பார்த்துடலாம். பி12 வைட்டமின் கம்மியா இருக்கும்னு நினைக்கிறேன். வயித்துல இருக்கிற பிள்ளைக்கும், நாளைக்குப் பால் குடிக்கும்போதும் அது உன்கிட்டேயிருந்துதான் போகணும். முட்டை, மீன், பால் இதெல்லாம் சாப்பிடுறியா?"

மாமியாருக்குத் தன் மெஸ் சட்டிகள் நினைவுக்கு வந்தன. மீனும் முட்டையும் காசு கொடுக்கிறவர்களுக்கு. மிஞ்சினால் மகனுக்கு. பால் முழுக்க டீக்கு. பெண்களுக்குச் சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதுதான். தானும் அப்படித்தானே வாழ்ந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ருசி பார்க்கிற சாக்கில் ஒரு துண்டு மீன் தன் வாய்க்குள் போய்விடும். மருமகளுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

"அதெல்லாம் சின்ன வயசுலேருந்தே எனக்குப் பிடிக்காது டாக்டர்" என்றாள் மருமகள், மாமியார் பக்கம் திரும்பாமலே.

காட்டிக்கொடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மாமியாருக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பொய் சொல்றா டாக்டரம்மா. நான்தான் வைக்கல. வைக்காததும் போதாதுன்னு நாக்குல நரம்பில்லாம ஊரெல்லாம் பேசினேன்."

திட்டுவார் என்று குனிந்து நின்றாள். டாக்டர் ஊசி எழுதிக்கொடுத்து, "இனிமே வைங்க" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

ரத்தப் பரிசோதனை டாக்டர் நினைத்ததையே சொன்னது. ஊசி போடப்போட எரிச்சல் அடங்கியது. மரமரப்பு போக மாதங்கள் ஆயின. மெஸ்ஸில் முதல் தட்டு மருமகளுக்கு என்றானது. மீனை வைக்கும்போது மட்டும் மாமியார் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பார்க்க வந்த தங்கை குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "உங்க அம்மா மாதிரியே உனக்கும் நாக்கு நீளமாடி?" என்றாள். வந்திருந்த சொந்தமெல்லாம் சிரித்தது.

டீத் தட்டோடு வந்த மாமியார் அப்படியே நின்றாள். "அவளுக்கு நாக்கு நீளமில்லடி, புண்ணு. புள்ளத்தாச்சியைச் சத்தில்லாம போட்டது நான். அது தெரியாம உன்கிட்ட கண்டபடி பேசிட்டேன்."

"ஐயையோ, நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேக்கா!"

"அந்த எல்லார்கிட்டயும் இதையும் சொல்லு."

மருமகள் குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். 'பரவாயில்லை அத்தை' என்று அவள் சொல்லவில்லை. மாமியார் அதை எதிர்பார்க்கவும் இல்லை. சூடு ஆறுவதற்குள் ஒவ்வொருவரிடமும் தட்டை நீட்டிக்கொண்டு போனாள்.