மின்சாரச் சக்களத்தி

அவளுக்கு ராத்திரி ஷிஃப்ட் கிடைக்கும்போல இருந்தது. அவளே கேட்டதுதான். ஓட்டல் சலவைக்கூடத்தில் பகல் வேலை என்றால் இஸ்திரி போடும் உருளை இயந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டும். ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் காகிதம்போல வரும். அந்த வெக்கையில் வருஷக்கணக்காக நின்று முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. ராத்திரியில் மடித்த துணியைச் சரிபார்த்து அடுக்குகிற வேலை. உட்கார்ந்தே செய்யலாம். சம்மதமா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருந்தாள் மேற்பார்வைக்காரி.

ஒரே இடைஞ்சல், புருஷனின் கால்.

சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து, குளிர் தொடங்கினால் அவர் பாதம் இரண்டும் பனிக்கட்டி. படுக்கும் முன்னால் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதங்களை மடியில் வைத்துத் தேய்த்துவிடுவாள். வெக்கையில் பழுத்த கை. எப்போதும் சூடு. கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

"ஆ… இப்பத்தான் உசிர் வருது. இஸ்திரிப்பெட்டி, நீ இல்லன்னா நான் விறைச்சே போயிருப்பேன்."

கல்யாணமான புதிதில் வைத்த பேர் அது. அவள் சுள்ளென்று பேசுவதற்காக வைத்தது. பிறகு கைக்கும் பொருந்திவிட்டது. நாள் முழுக்க நின்ற அலுப்பெல்லாம் அந்த ஒரு 'ஆ'வில் போகும் அவளுக்கு.

ராத்திரி வேலைக்குப் போனால் யார் தேய்ப்பது? கரண்டு போர்வை வாங்கலாம் என்று அவர்தான் சொன்னார்.

"சக்களத்திய நானே காசு குடுத்துக் கூட்டிட்டு வரணுமா?"

"இவ பரவால்லடி. ஸ்விட்ச்ச அமுக்கினா வாய மூடிக்குவா."

"அப்போ அவளையே சமைச்சுப் போடச் சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. "முட்டிய பாரு, எப்படி வீங்கிக் கெடக்குன்னு. உக்காந்து செய்யற வேலை தானா வருது. என் கால சாக்கா வச்சு அத விட்டுடாத."

சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனார்கள். மாடியில் மெத்தையும் தலையணையும் விற்கிற பகுதி. ஒரு ஓரத்தில் கட்டில் போட்டு, மேலே அந்தப் போர்வையை விரித்து வைத்திருந்தார்கள். வெளிர் மஞ்சள். விற்பனைப் பெண்ணுக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

"யாருக்கும்மா?"

"இவருக்குத்தான். கால் ஜில்லுன்னு ஆயிடுது."

"சுகர் இருக்கா?"

"இருக்கு."

அந்தப் பெண் தயங்கினாள். "கால்ல உணர்ச்சி இருக்குல்ல? கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. சூடு தெரியாதவங்களுக்கு இத விக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கால் வெந்தாக்கூட தெரியாம தூங்கிடுவாங்களாம்."

"எறும்பு ஊர்ந்தாலும் தெரியும்மா எனக்கு" என்றார் அவர். "வேணும்னா எறும்பு கொண்டா, காட்டறேன்."

பெண் சிரித்துவிட்டாள். "சரி அய்யா, செருப்ப கழட்டிட்டுக் கால உள்ள விட்டு உக்காருங்க. சூடேற கொஞ்ச நேரம் ஆகும்." கையடக்கமான ஒரு பெட்டியில் பொத்தானை அமுக்கிவிட்டு, தலையணை கேட்டு நின்ற வேறொருவரிடம் போனாள்.

அவர் உட்கார்ந்தார். இவள் பக்கத்தில் நின்றாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் போர்வைக்கடியில் கையை நுழைத்தாள். எதிரியின் பலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமே. கம்பளி குளிர்ச்சியாக இருந்தது. சூடேற நேரமாகும் என்று அந்தப் பெண் சொன்னாளே. கையை எடுக்காமல் காத்திருந்தாள்.

"ஆ…" என்றார் அவர். கண்ணை மூடியிருந்தார். "இப்பத்தான் உசிர் வருது."

அதே வார்த்தை. அதே குரல். அதே கண்மூடல்.

பெட்டியைப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. அதிலிருந்து போன வயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனாள். வயர் கட்டிலைச் சுற்றிப் போய் சுவரோரம் தரையில் முடிந்தது. ப்ளக் அங்கே கிடந்தது. சுவரில் இருந்த ஒரே துளையில் யாருடைய போனோ சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது.

அவள் கை இன்னும் போர்வைக்கடியில், அவர் பாதத்தை ஒட்டி இருந்தது. அதை மெதுவாக உருவிக்கொண்டாள்.

பெண் திரும்பி வருவது தெரிந்தது. இவள் நாலு எட்டில் சுவரோரம் போய், ப்ளக்கை அவள் கண்ணில் படாதபடி காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"எப்படி அய்யா?"

"பிரமாதம். கட்டிக் குடு."

"வேணாம்" என்றாள் இவள். "வெளிர் நெறம். அழுக்கு தெரியும்."

"வேற கலர் இருக்கும்மா."

"இருக்கட்டும். யோசிச்சிட்டு வரோம்."

படியிறங்கும்போது அவர் முணுமுணுத்தார். "ஏன்டி, நல்லாத்தான இருந்துச்சு. போர்வையிலயுமா சலவைக்காரி புத்திய காட்டணும்?"

பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு விட்டாள். கம்பளி என்றால் கரண்டு இல்லாமலும் கதகதப்புத்தானே என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சும்மா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார் என்று சொல்லிப் பார்த்தாள். மனசு ஒப்பவில்லை.

"எதிர்க்கடைல ஆள் எடுக்கறாங்களாம்" என்றார் அவர், ஜன்னல் வழியே பார்த்து. சாலையைத் தாண்டி, கதவில் ஒட்டிய சின்னக் காகிதம். "அனுபவம் தேவையில்லைன்னு போட்டிருக்கான்."

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டியவர் அவர். ஒருநாள் வெளிறிப்போய் வந்து, கண் மங்குகிறது, பிள்ளைகள் ஏறுகிற வண்டி, இனிமேல் வேண்டாம் என்றார். அவளும் கண் என்றே நம்பினாள். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவர் கண்ணாடி கேட்டதில்லை. பொடி எழுத்தையெல்லாம் படித்துக்கொண்டுதான் இருந்தார். மங்கியது கண் இல்லை. பிரேக்கில் கால் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாமல் போயிருக்கிறது.

இறங்கும் இடம் வந்தது. அவர் எழுவதற்கு முன் குனிந்து, செருப்பு காலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். எப்போதும் பார்ப்பவர்தான். வயசாகிறது என்று நினைத்திருந்தாள்.

அந்தப் போர்வை சுட்டாலும் தெரியாமல் படுத்திருப்பார். அது தெரிந்தும் வாங்கச் சொன்னார், அவள் முட்டிக்காக.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் பாத்திரம் கழுவினாள். குழாய்த் தண்ணீர் விரலைக் கடித்தது. வெந்நீர் கலந்துகொண்டிருக்கலாம். கலக்கவில்லை. வேண்டுமென்றே செய்தாளா, மறந்தாளா, அவளுக்கே தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்தாள். பாதங்களை மடியில் எடுத்து வைத்தாள். கைக்கும் காலுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டும் கல்.

தேய்த்தாள்.

அவர் அவள் கையைப் பார்த்தார். அது அசைவதைப் பார்த்த பிறகுதான் கண்ணை மூடினார். இதுவும் இன்றைக்குத்தான் அவள் கண்ணில் பட்டது.

"ஆ… இப்பத்தான் உசிர் வருது. எந்த சக்களத்தி வந்தாலும் இந்தக் கைக்கு ஈடாகுமா?"

வழக்கமாக அவளிடமிருந்து ஒரு சுள் வரும். அது வராததால் அவர் கண்ணைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். என்னவோ ஏதோ என்று பதறி, எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

வெடுக்கென்று தலையைப் பின்னால் இழுத்தார்.

"என்னடி கை இப்படி ஜில்லுன்னு…"

நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது.

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்திப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"வண்டிய விட்டதுலேர்ந்து. அதுக்கும் கொஞ்சம் முன்னாடி."

"சொல்றதுக்கு என்ன?"

அவர் போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். "எதச் சொல்றது? கால் போயிடுச்சுன்னு சொல்லிடலாம். உன் கை எனக்குத் தெரியலன்னு உங்கிட்டயே எப்படிடி சொல்றது?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவர் அவள் கையை விடவில்லை. மறுபடியும் கன்னத்தில் வைத்துக்கொண்டார். இந்தமுறை ஜில்லிப்பைத் தாங்கிக்கொண்டார்.

"திங்கக்கெழமலேர்ந்து ராத்திரி வேலைக்குப் போ."

"போறேன்."

"போர்வ வேணாம்."

"வேணாம்."

கன்னத்தில் இருந்த கை மெல்லச் சூடாகியது. அவர் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்தாள்.

"கால் உன் மடியிலதான இருக்கு?" என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். அவர் அவள் கையை இழுத்தபோது சரிந்திருக்க வேண்டும். இரண்டு பாதமும் கட்டில் விளிம்பைத் தாண்டி, குளிரில் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஆமா" என்றாள். "மடியிலதான் இருக்கு."

சத்தமில்லாமல் அவற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.