மூணு நாள் பழைய பாவாயி

செங்கோட்டுவேலுவுக்குப் பார்வை மூணு நாள் லேட்டா வந்து சேரும். காது சரியா வேலை செஞ்சுது, கைகாலும் அப்படித்தான். கண்ணு மட்டும் திங்கக்கிழமை பார்த்ததை வியாழக்கிழமைதான் கொண்டாந்து குடுக்கும்.

பதினோரு வருஷம் தூக்கம் வராம இருக்க மாத்திரை போட்டு லாரி ஓட்டின ஆளு. மாத்திரைய விட்டு எட்டு மாசமாச்சு. டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பார்த்தாங்க. "அத்தனை வருஷம் கண்ணைத் தூங்க விடலை இல்லீங்களா? இப்பத் தொறந்தபடியே தூங்குது. எழுப்பாதீங்க."

அப்ப அவர் கண்ணு முன்னால மூணு நாளைக்கு முந்தின இட்டிலித் தட்டுதான் இருந்துச்சு. அதைப் பார்த்தே தலையாட்டினார்.

சம்சாரம் பாவாயிக்குத்தான் பொறுக்கலை. திங்கக்கிழமை காலைல சொன்னா: "எம் மூஞ்சியப் பார்த்துப் பேசற புருஷன் வேணுமுங்க எனக்கு. வியாழக்கிழமை கேப்பேன், நான் என்ன கலர் சேலைன்னு. சரியாச் சொன்னா இருக்கேன். இல்லாட்டி எங்கம்மா ஊட்டுக்குப் பஸ் ஏறிருவேன்."

சொல்லிட்டுப் பச்சைச் சேலையக் கட்டினா. செவ்வாய் அதேதான். புதனும் அதே.

"ஏனக்கா, மூணு நாளா ஒரே சேலை, பீரோ சாவி தொலைஞ்சு போச்சா?"ன்னு பக்கத்து வீட்டு ருக்கு கேட்டது அவர் காதுல விழுந்துச்சு. தான் தோத்துப் போகாம இருக்கத்தான் அவ மாத்தாம கட்டறான்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு.

வியாழக்கிழமை மத்தியானம் வாசப்படிப் பக்கம் பாவாயி குரல் வந்துச்சு. அந்தப் பக்கம் திரும்பினார்.

"என்ன கலருங்க?"

"பச்சை."

"சரிதான்." ஒரு சிரிப்புச் சத்தம்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கணும்னு ஞாயித்துக்கிழமை மத்தியானம் கட்டில்ல உக்காந்தார். கண்ணைத் தொறந்து வெச்சாலே போதும், இருந்தாலும் சட்டை மாத்தி, தலை சீவிக்கிட்டார்.

வியாழக்கிழமை வந்து சேர்ந்துச்சு. வாசப்படி வந்துச்சு. ஆளு இல்லை. பச்சைச் சேலை மட்டும் கொடியில ஆடிக்கிட்டு இருந்துச்சு. அவ ஊருக்குக் கொண்டு போற பை மாட்டற ஆணி காலி.

"ஏனுங்க, அப்படி என்னத்தப் பார்க்கறீங்க? காப்பி ஆறுது."

வியாழக்கிழமை சிரிச்ச அதே குரல், பக்கத்துலதான். கை நீட்டினார். டம்ளர் சூடா வந்து கையில உக்காந்துச்சு.

"சக்கரை போதுமா?"

"போதும்"னார்.

யார் போட்ட காப்பின்னு புதன்கிழமை தெரிஞ்சுரும். ஊதி ஊதிக் குடிச்சார்.