புகை வேண்டாம் என்றவன்

"காலையில வெச்ச கஞ்சி அப்படியே கெடக்குப்பா."

சுந்தராம்பாள் வாசலில் நின்றபடியே சொன்னாள். எல்லைக்கல் வரை போய் வந்தவள் குளிக்காமல் வீட்டுக்குள் வரக் கூடாது. அவள் கையில் மத்தியானக் கஞ்சிக் கலயம் இருந்தது. பழையதை யாரும் எடுக்காமல் கிடக்க, புதியதை அதன் பக்கத்தில் வைக்க மனம் வராமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள்.

காவடிக்கு மயிலிறகு கட்டிக்கொண்டிருந்த ஞானவேலின் கை நின்றது.

"கூப்பிட்டுப் பாத்தியா ஆத்தா?"

"மூணு தரம் கூப்பிட்டேன். முனகுற மாதிரி கேட்டுச்சு. காத்தோ என்னமோ, வெளங்கல."

"பிள்ளைச் சத்தம்?"

சுந்தராம்பாள் கலயத்தை வாசலில் இறக்கி வைத்தாள்.

வில்பட்டிக்கு மேலே, உருளைக்கிழங்கும் பூண்டும் விளைகிற சரிவில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஊர் அது. ஊருக்கு மேற்கே, வெள்ளையடித்த கற்களுக்கு அப்பால், மண்சுவரும் புல்கூரையுமாக, ஆள் நிமிர முடியாத ஒரு குடிசை. முட்டுவீடு என்பார்கள். மாதாந்தரத்துக்குப் பெண்கள் ஒதுங்குவதும் அங்கேதான், பிள்ளை பெறுவதும் அங்கேதான். பெற்றவள் முப்பது நாள் அங்கேயே இருக்க வேண்டும். வளர்ந்த ஆண் எவனும் அந்தக் கல்லைத் தாண்டியதில்லை. நாடு சுதந்திரம் பெற்றுப் பத்தாவது தை மாதம் பிறந்திருந்தது. அந்தச் செய்தி கல்லுக்கு இந்தப் பக்கம்தான் வந்திருந்தது.

ஞானவேலின் மனைவி தமயந்திக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். முந்தின நாள் உச்சிப்பொழுதில், கிழங்கு மூட்டை தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியைக் கீழே வைத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே மேற்கே பார்த்து நடந்தாள். உடன் போக ஆளில்லை. பழனிக் காவடிக்கு அந்த வருஷம் வீட்டுக்கு ஒருவன் மாலை போட்டிருந்தான். மாலை போட்ட வீட்டுப் பெண் பேறுகாலம் பார்க்கப் போனால் விரதம் போய்விடும்.

இது ஊர் வழக்கம். ஆனால் ஞானவேலின் நெஞ்சை அறுத்தது வேறொன்று.

மற்ற நாளில் முட்டுவீட்டில் இருப்பவளுக்கு அவள் வீட்டார் ஓட்டைச் சட்டியில் கங்கு கொண்டுபோய்க் கல்லோரம் வைப்பார்கள். அவள் எடுத்துப்போய்த் தீ மூட்டிக்கொள்வாள். தை மாதத்தில் அந்தச் சரிவில் காற்று மேற்கு முகட்டிலிருந்து இறங்கி அடிக்கும். முட்டுவீட்டுப் புகை நேரே காவடிப் பந்தலுக்கு வரும். புகை பட்டாலும் தீட்டுத்தான். ஆகவே காவடி பந்தலில் இருக்கும் ஐந்து நாளும் முட்டுவீட்டுக்குத் தீ கொடுக்கலாமா வேண்டாமா என்று தலைக்காவடி எடுப்பவனைக் கேட்பார்கள். அவன் சொல்வதுதான் கட்டுப்பாடு. இந்த வருஷம் தலைக்காவடி ஞானவேல். பந்தற்கால் நட்ட அன்று கேட்டார்கள்.

"புகை வேண்டாம்" என்றான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அப்போது முட்டுவீடு காலியாக இருந்தது.

நேற்று இரவு பூண்டு வயலில் பனி உறைந்து உப்புக் கொட்டியதுபோல் கிடந்தது. அந்தப் பனியில், தீயில்லாத குடிசையில், அவள் தனியாகப் பெற்றிருக்கிறாள். அல்லது பெற முடியாமல் கிடக்கிறாள்.

ஞானவேல் எழுந்து அடுப்படிக்குப் போனான். மண்சட்டியில் சாம்பல் பரப்பிக் கங்குகளை அள்ளினான். அவசரத்தில் ஒன்று காலில் விழுந்தது. சுட்டதுகூடத் தெரியவில்லை.

"எங்க கெளம்பிட்டே?"

அவன் தகப்பன் ஆண்டிச்சாமி கதவை மறித்து நின்றார். ஊருக்கு மூப்பர் அவர்தான்.

"அய்யா, வழி விடுங்க."

"மாலையோட முட்டுவீட்டுக்கா? பித்துப் புடிச்சிருச்சா? நீ சின்னப்பயலா இருந்தப்ப ஒரு தடவை காவடியில புகை பட்டுச்சு. அந்த வருசம் பேதியில ஏழு பேரு. உன் அக்காளைத் தூக்கிட்டுப் போனது இந்தத் தோளுதாம்லே."

அவர் குரலில் அதிகாரம் இருந்தது. அதைவிடப் பயம் அதிகமாக இருந்தது. மகளைப் புதைத்த பயம் பத்தொன்பது வருஷமாக அந்த மனிதரை ஆண்டுகொண்டிருந்தது.

"போன தடவை நாலு நாளு கல்லுகிட்ட நின்னு என் மகன் அழுகுறதைக் கேட்டேன். அஞ்சாம் நாளு சத்தம் இல்ல. அப்பவும் கல்லுகிட்டத்தான் நின்னேன். இன்னொரு தரம் நிக்க என்னால ஆகாதுய்யா."

"அப்ப மாலையக் கழட்டி வெச்சிட்டுப் போ. ஊருக் காவடி இந்த வருசம் நின்னு போகட்டும்."

ஞானவேல் மாலையில் கை வைத்தான். விரல்கள் முடிச்சைத் தேடி அலைந்தன. பிறகு கையை எடுத்துவிட்டான். கழற்றிவிட்டுப் போனால் மட்டும் முருகனுக்குத் தெரியாமல் போகுமா? தகப்பனை இடித்துக்கொண்டு வாசலில் இறங்கினான்.

சுந்தராம்பாள் இதற்குள் வாசலோரம் அடுக்கியிருந்த விறகில் ஒரு கட்டை எடுத்து மகன் தோளில் ஏற்றினாள். கஞ்சிக் கலயத்தை அவன் விரலில் மாட்டினாள். புருஷன் முகத்தை அவள் பார்க்கவில்லை. இருபத்தேழு வருஷம் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவள். இப்போதும் பேசவில்லை.

தெருவில் அவன் போனபோது பந்தலடியில் கிழவர் ஒருவர் தீச்சட்டி என்று எண்ணிக் கை கூப்பினார். அவன் மேற்கே திரும்பியதும் கூப்பிய கை அப்படியே நின்றது. யாரோ ஓடும் சத்தம் கேட்டது.

கல் வந்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத கல். ஞானவேலின் கால்கள் அதற்கு முன்னால் தாமாகவே நின்றுவிட்டன. தான் பயப்படுவது முருகனுக்கா, முருகன் பெயரைச் சொல்லும் மனிதருக்கா என்று அவனுக்கே தெரியவில்லை. "அப்பனே, தப்புன்னா என்னை அடி. அவளை விட்டுரு" என்று முணுமுணுத்தான். கண்ணை மூடிக்கொண்டு காலைத் தூக்கி வைத்தான்.

இடி விழவில்லை. அந்தப் பக்கமும் அதே புல்தான், அதே ஈரம்தான்.

குடிசைக்குள் கும்பிடுவதுபோல் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. உள்ளே இருட்டு. தரையின் ஈரம் பாதம் வழியாக எலும்பில் ஏறியது. மூலையில் ஏதோ அசைந்தது.

"யாரது?"

"நான்தான்."

"ஐயோ, வராதீங்க!" என்று தமயந்தி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "மாலையோட வந்திருக்கீங்களே! சாமி என் புள்ளையக் கொண்டுபோயிரும். போங்க, கால்ல விழுறேன், போயிருங்க!"

அவளுக்குக் குளிரைவிட அவனைக் கண்டுதான் பயம். அதைப் பார்த்தபோது ஞானவேலுக்குத் தன் பயம் வெட்கமாக மாறியது.

"புள்ள இருக்கா?"

"இருக்கா. பொட்டப்புள்ள." அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. "பொறந்தப்ப அழுதா. வெள்ளனேயிருந்து அழமாட்டேங்குறா."

சேலையின் மடிப்புக்குள், மார்போடு மார்பாக, ஒரு சின்ன உடம்பு. தொப்புள்கொடியைச் சேலைக் கரையைக் கிழித்துத் தானே கட்டியிருந்தாள். ஞானவேல் வேறெதையும் யோசிக்கவில்லை. கூரையிலிருந்து புல்லைப் பிய்த்துக் கங்கின் மேல் போட்டு ஊதினான். கண்ணீரும் மூச்சுமாக ஊதினான். தீ பிடித்தது.

"வெந்நி வைக்கணும். சட்டி அந்தா இருக்கு" என்றாள் அவள், பயத்தோடு பயமாக. "முதல்ல அவ பாதம். கையத் தீயில காட்டி வையுங்க. அழுத்தாதீங்க... கிழங்கு மூட்டையா அது? மெள்ள."

மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையைத் தீயில் காட்டினான்; அந்தப் பாதத்தில் வைத்தான். மறுபடி காட்டினான், மறுபடி வைத்தான். எத்தனை தரம் என்று தெரியாது. குழந்தை முதலில் உதட்டைச் சுழித்தது. பிறகு பூனைக்குட்டிபோல் ஒரு கீச்சு. பிறகு வாயைத் திறந்து வீறிட்டது.

அந்தச் சத்தத்தில் ஞானவேல் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வெளியே வேறு சத்தங்கள் எழுந்தன. புகை ஊருக்குள் போய்விட்டது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். ஒருவரும் தாண்டவில்லை.

"ஏலே ஞானவேலு!" என்று கத்தினான் செல்லப்பாண்டி. அவனுக்கு மைத்துனன் முறை. "பேறுகாலம் பாக்க வந்துட்டியாக்கும்? சேலை ஒண்ணு கொடுத்து விடவா? பூவும் வெச்சிக்கிறியா?"

சிலர் சிரித்தார்கள். சிரிப்பு நீளவில்லை. ஆண்டிச்சாமி கையை உயர்த்தினார்.

"தீயை அணை. தலைக்காவடியா இருந்து நீ சொன்ன கட்டுப்பாடுலே இது."

ஞானவேல் குடிசை வாசலில் வந்து நின்றான். நிலைக்காலைப் பிடித்துக்கொண்டான்.

"புகை வேண்டாம்னு சொன்னது நான்தான். வேணும்னு சொல்றதும் நான்தான். உள்ள இருந்து பாத்திருந்தா அன்னைக்கே சொல்லிருக்க மாட்டேன்."

"அப்ப உள்ளயே கெட!" மூப்பரின் குரல் உடைந்தது. "உன் காவடி நிக்கட்டும். மத்தவுக காவடிக்குத் தீர்த்தம் தெளிச்சு, வெடிய வெரசாக் கெளம்புவாக. முப்பது நாளு, தீட்டுப் பட்டவன் தீட்டுப் பட்ட எடத்துலயே கெட. பொம்பளைக்கு என்ன உண்டோ அதுதான் உனக்கும்."

பெண்ணுக்கு என்ன உண்டோ அது. ஊர் அறிந்த தண்டனைகளில் அதைவிடக் கொடியதை அவரால் நினைக்க முடியவில்லை.

அன்றிரவும் பனி உறைந்தது. ஞானவேல் தீயை அணையவிடவில்லை. பேதி வருமோ, குழந்தையின் மூச்சு நின்றுவிடுமோ, காலையில் கல்லெறிவார்களோ என்று ஒவ்வொரு பயமாக வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தது. தீ வெளிச்சத்தில் சுவர் முழுக்கக் கரிக்கோடுகள் தெரிந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, பழசும் புதுசுமாக, நூற்றுக்கணக்கில்.

"என்னது இது?"

"முப்பது நாளு எண்ணணும்ல? எங்க காலண்டரு" என்றாள் தமயந்தி. பிறகு ஒரு மூலையைக் காட்டினாள். "அந்தா, மங்கிக் கெடக்கே, அது உங்க ஆத்தா போட்டதாம். உங்களைப் பெத்தப்ப."

அவன் வெகுநேரம் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விடிந்ததும் பறை முழங்கியது. அரோகரா என்ற குரல் எழுந்தது. காவடிகள் பழனிப் பாதையில் இறங்கின. அந்தப் பாதை முட்டுவீட்டுக்குக் கீழே வளைந்து போகிறது. எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தார்கள். கடைசியாக வந்த செல்லப்பாண்டி மட்டும் ஒன்றுக்கு ஒதுங்குபவன்போல் பின்தங்கிக் கல்லோரம் வந்தான். முகம் ஊரைப் பார்த்திருந்தது; குரல் இந்தப் பக்கம் வந்தது.

"மாப்ளே... புள்ள?"

"நல்லாருக்கு."

"விசாலாட்சிக்கு இது ஆறாம் மாசம்" என்றான், தன் மனைவியைச் சொல்லி. பிறகு, "உள்ள என்னலே இருக்கு?" என்று கேட்டான். பேய் இருக்கிற இடத்தைக் கேட்பவன் குரல் அது.

"ஈரந்தான் இருக்கு. வேறொண்ணும் இல்ல. நீயும் நானும் இங்கதான் பொறந்தோம். அந்தா போறாகளே, அத்தனை பேரும் இங்கதான் பொறந்தாக. நம்ம ஆத்தாக்க கோடு போட்டு வெச்சிருக்காக, சுவரெல்லாம்."

செல்லப்பாண்டி தோளில் கிடந்த கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டான். "நான் என்னலே செய்யணும்?"

"வெந்நி போடத் தெரியுமா?"

"தெரியாது."

"நேத்து வரைக்கும் எனக்கும் தெரியாது."

பாதையின் வளைவிலிருந்து யாரோ செல்லப்பாண்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் திடுக்கிட்டான். கழுத்து நரம்பு புடைக்க, வளைவு வரை கேட்கும்படி, "தூ! நீயெல்லாம் ஒரு ஆம்பளையாலே? பொட்டப்பய!" என்று கத்தினான். கத்திக்கொண்டே, மூன்று நாள் மலைவழிக்கென்று தோளில் போட்டிருந்த கம்பளியை உருவி, திரும்பிப் பாராமல் கல்லுக்கு இந்தப் பக்கம் வீசினான். கையைக் கட்டிக்கொண்டு, குளிரில் தோளைக் குறுக்கியபடி பாதையில் ஓடினான்.

ஞானவேல் கம்பளியைக் குனிந்து எடுத்தான். அதில் இன்னும் உடம்புச் சூடு இருந்தது.

"யாருங்க அது, வெள்ளனே வந்து திட்டுறது?" என்று உள்ளேயிருந்து தமயந்தி பயந்து கேட்டாள்.

"செல்லப்பாண்டி."

"ரொம்பத் திட்டிட்டாரா?"

"ஆமா" என்றான் ஞானவேல், மகளை அந்தக் கம்பளியில் சுற்றிக்கொண்டே.