மடியில் ஒரு கூழாங்கல்

என் உயிருக்கு அரியலூரில் ஒரு ரூபாய் விலை வைத்தார்கள். வைத்தவன் நானேதான்.

1978. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குத் தனியாக சைக்கிள் பயணம், ஏழாவது நாள். பெரம்பலூரை விட்டதிலிருந்து எதிர்க்காற்று, கருவேல முள்ளில் இரண்டு பஞ்சர். அரியலூர் ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் அறைக்கு ஐந்து ரூபாய் கேட்டார்கள். நான் நாலு என்றேன். பாத்திரக்கடையில் வளர்ந்தவனுக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாக நடந்தால் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரொம்ப மெதுவாகத்தான் நடந்தேன். கூப்பிடவில்லை. திரும்பிப் போய்க் கேட்பது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

அதனால் ஊருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் கூடாரம் போட இறங்கினேன். மணி நாலு. உடைந்த கல் குவிந்து கிடந்த சரிவில் சைக்கிளை உருட்டித்தான் அடிப்பாறைக்குப் போக முடிந்தது. காற்று இல்லை, ஓரத்தில் பச்சைத் தண்ணீர், வாடகையும் இல்லை. வேலை நாளில் ஓர் ஆள் இல்லை, ஓர் ஆடுகூட இல்லை. இவ்வளவு நல்ல சரக்கு ஏன் விலைபோகாமல் கிடக்கிறது என்று எங்கள் அப்பா கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை.

கூடார முளை பாறையில் இறங்க மறுத்தது. தேடியதில் ஒரு துளை அகப்பட்டது. வாய்வரை களிமண் அடைத்து, முளைக்கென்றே செய்து வைத்தது மாதிரி. ஒரு கல்லை எடுத்து மூன்று அடி அடித்தேன்.

"அடிக்காதீங்க! அய்யோ சார், அடிக்காதீங்க!"

மேலே குவாரி விளிம்பில் ஒரு பெண். அங்கே கல் சுமக்கிறவள், பெயர் முத்தாயி என்று பிறகு தெரிந்தது.

"கல்ல மெதுவா கீழ வையுங்க. போட்றாதீங்க!"

வைத்தேன். "ஏம்மா?"

"நேத்து வச்ச வெடியில ஒண்ணு வெடிக்கல. அதான் இன்னிக்கு ஒருத்தரும் எறங்கல. நீங்க என்னடான்னா வூடு கட்டிக்கிட்டு இருக்கீங்க!"

வெடி வைக்கிற கண்ணையனைக் கூட்டிவர அவள் ஓடினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். மூக்கு அரித்தது. சொறியவில்லை.

கண்ணையன் வந்து விளிம்பில் குந்தினார். "எவ்வளவு எறங்கிச்சு?"

"நாலு விரக்கடை."

"ஒரு சாணுக்குக் கீழ வெடித் தோட்டா. இன்னும் ரெண்டு அடி அடிச்சிருந்தா, தந்தி குடுக்கக்கூட எங்களுக்கு உங்க விலாசம் தெரியாது சார்."

"சைக்கிள்..."

"அது கெடக்கட்டும். வந்த தடத்துலயே கால வச்சு ஏறி வாங்க."

ஏறினேன். அவர் இறங்கினார்.

முத்தாயி தாழ்ந்த குரலில் சொன்னாள். கண்ணையன் எத்தனை குழியில் வெடி வைக்கிறாரோ அத்தனை கூழாங்கல்லை மடியில் கட்டிக்கொள்வாராம். ஒரு சத்தம் கேட்டால் ஒரு கல்லைக் கீழே போடுவாராம். "நேத்து ஒண்ணு மடியிலயே தங்கிடுச்சு. ராவெல்லாம் அத அவுக்காமயே படுத்திருந்தாரு."

கீழே அவர் முளையைப் பிடுங்கித் துளையில் தண்ணீர் ஊற்றினார். மூங்கில் குச்சியால் களிமண்ணைச் சிறிது சிறிதாகத் தோண்டினார். பிறகு குச்சியை முழுசாக உள்ளே விட்டார். அது தடங்கலில்லாமல் அடிவரை போனது.

"வெறுங்குழி!" என்று கத்தினார். "குழி போடுறவன் நாளைக்குன்னு போட்டு, மண்ணு விழாம அடைச்சு வச்சிருக்கான்!"

நான் உரக்கச் சிரித்துவிட்டேன். முத்தாயி சிரிக்கவில்லை.

"சார், அப்ப வெடிக்காதது எங்க?"

கீழே கண்ணையனும் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். நேற்றைய வெடியில் கல் சரிந்து குவிந்த சரிவைப் பார்த்தார். அதில் என் டயர் தடம், நான் ஏறிய தடம், அவர் இறங்கிய தடம். மேலே வர வேறு வழி கிடையாது.

அவர் ஒரு காலைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அவர் கை தானாக மடியைத் தொட்டது.

வைத்தது பன்னிரண்டு. வெடித்தது பதினொன்று. பாக்கி ஒன்று.