பருந்து வீட்டில் ஒரு பரீட்சை

தேர்வு எழுதப்போவது மனைவி. விடிவதற்குள் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் இரண்டு பேனாவைச் செருகிக்கொண்டு தயாராக நின்றவர் கணவர்.

அவர் பள்ளி ஆசிரியர். பாடம் நடத்தியதாக யாருக்கும் நினைவில்லை. ஆனால் தேர்வறைக் கண்காணிப்பில் முப்பத்தொரு ஆண்டு அனுபவம். பிள்ளைகள் வைத்த பெயர் பருந்து. அதை அவர் ஏதோ பல்கலைக்கழகம் கூப்பிட்டுக் கொடுத்த கௌரவம்போல் சுமந்து திரிந்தார். பின்னால் வருவது தெரியக்கூடாதென்று ரப்பர் அடி வைத்த செருப்பாகத் தேடி வாங்குவார். துண்டுச்சீட்டோடு சிக்கியவன் அழுதாலும், அவனுடைய அம்மாவே வந்து அழுதாலும், அவர் மனம் இளகியதாகச் சரித்திரம் இல்லை.

மனைவி மருத்துவமனை ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ரத்த அணுக்களை எண்ணுகிறவள். இப்போது எண்ணுவதற்கு ஓர் இயந்திரம் வந்து இறங்கிவிட்டது. அதன் முன்னால் உட்கார வேண்டுமானால் இணையவழித் தேர்வில் தேற வேண்டும். தேறாதவர்களுக்குக் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத பழைய கோப்பு அறை. ஒரே வாய்ப்பு, மறுதேர்வு கிடையாது.

தேர்வைக் கண்காணிப்பதும் கணினிதான். அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. கைபேசி வெளியே இருக்க வேண்டும். பேசக்கூடாது, முகம் கேமராவை விட்டு விலகக்கூடாது. மீறினால் எச்சரிக்கை. மூன்றாவது எச்சரிக்கையோடு கதை முடிந்தது.

"இங்க பாருங்க, ரெண்டு மணி நேரம் இந்தப் பக்கமே வரக்கூடாது," என்றாள்.

"எனக்கே ரூல் சொல்றியா? என் ஹால்ல கொசு வந்தாலும் அனுமதிச் சீட்டு காட்டிட்டுத்தான் கடிக்கும்."

"அந்தக் கொசுவுக்கு இன்னைக்கு லீவு விட்டுடுங்க. நீங்களும் எடுத்துக்கோங்க."

"நான் வெளியில காவல் இருக்கேன். காலிங்பெல்லைக் கழட்டியாச்சு. ஜன்னல் திரையையும் கழட்டிட்டேன்."

"திரை என்னங்க பண்ணுச்சு?"

"திரை இருக்கிற ஹால்ல என்ன வேணா நடக்கும்மா. உனக்குத் தெரியாது."

பத்து மணி அடிக்க அவள் கதவைச் சாத்தினாள்.

அறுபது கேள்விகள். முதல் இருபது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கின. இருபத்தொன்றாவதில் ஒரு படம்: சிதறிக் கிடக்கும் அணுக்கள், வகைவாரியாக எண்ணிச் சொல்ல வேண்டும். அவளுக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். கணினித் திரையின் மேல்பக்கம் மஞ்சள் பட்டை ஒன்று விழுந்தது.

'உதடுகள் அசைகின்றன. முதல் எச்சரிக்கை.'

இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் வாய்க்குள் முணுமுணுத்துத்தான் எண்ணுகிறாள். எதிர்வீட்டுக்காரி நாள் முழுக்கப் பேசியும் வராத எச்சரிக்கை, சத்தமே வராத இவள் உதட்டுக்கு வந்தது. கீழுதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு மறுபடி எண்ணினாள். இரண்டு தடவை விட்டுப்போனது. மூன்றாவது தடவை சரியாக வந்தபோது ஆறு நிமிடம் போயிருந்தது.

முப்பத்தெட்டாவது கேள்வியில் இருந்தபோது, திரையின் மூலையில் தெரிந்த தன் முகத்துக்குப் பின்னால், ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே, கண்ணாடி போட்ட ஒரு முகம் மெதுவாக எழும்புவதைப் பார்த்தாள். அது இடப்பக்கம் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தது. அறையில் இருந்த ஒரே ஒருத்தி யாரையும் பார்த்து எழுதவில்லை என்று உறுதி செய்துகொண்டு, திருப்தியாக இறங்கியது.

'வேறொரு நபர் தென்படுகிறார். இரண்டாம் எச்சரிக்கை.'

கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் மூன்றாவது. திரும்பி முறைத்தால் மூன்றாவது. கையைக் காட்டினால்கூட எதற்கும் உத்தரவாதம் இல்லை. கைபேசி வரவேற்பறையில் கிடந்தது. முப்பது ஆண்டு குடித்தனத்தில் அந்த மனிதரை அடக்க அவள் சேர்த்து வைத்திருந்த ஆயுதங்கள் அத்தனையும் ஒரு சின்னக் கேமராவுக்கு முன்னால் செல்லாமல் போயின.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். பதினொன்று ஐம்பதுக்கு அவர் வருவார். எந்தத் தேர்விலும் கடைசிப் பத்து நிமிடத்தை அவர் அறிவிக்காமல் விட்டதில்லை.

அதற்குள் முடித்துவிட்டால் தப்பித்தாள். கேள்விகளை முழுதாகப் படிக்காமல்கூட விரட்டினாள். பதினொன்று நாற்பதில் நாற்பத்தேழு கேள்வி. நாற்பத்தைந்தில் ஐம்பத்தொன்று. வெளியே நாற்காலி நகர்ந்தது. நாற்பத்தொன்பதில் ஐம்பத்து நான்கு. தொண்டையைச் செருமும் சத்தம். கைப்பிடி திரும்பியது.

"கடைசிப் பத்து நிமிஷம்! எழுதினவங்க பேப்பரைக் கட்டிக்கலாம்!"

திரை சிவந்தது. 'தேர்வு நிறுத்தப்பட்டது. கண்காணிப்பாளர் இணைகிறார்.'

அப்போதுதான் அவர் முகம் வெளிறியது. "ஐயையோ," என்றார்.

கணினியில் ஓர் இளம்பெண்ணின் குரல் வந்தது. பின்னணியில் இதே மாதிரி பல வீடுகளை விசாரிக்கும் பல குரல்கள்.

"மேடம், உங்க ரூம்ல இருக்கிற அந்த நபர் யாரு?"

முப்பத்தொரு ஆண்டில் அவரை யாரும் 'அந்த நபர்' என்றதில்லை. "நான் தலைமைக் கண்காணிப்பாளர். என் சர்வீஸ்ல..."

"சார், உங்களைக் கேக்கல. மேடம்?"

"வீட்டுக்காரர்," என்றாள்.

"என்ன விடை சொன்னாரு?"

"விடை சொல்லலைங்க. நேரம் சொன்னாரு."

"நேரமா? அதான் திரையிலயே ஓடுதே?"

"வாத்தியாருங்க. விருந்தாளி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் கடைசிப் பத்து நிமிஷம்னு சொல்லுவாரு."

அந்தப் பக்கம் விரல்கள் எதையோ தட்டின. "சார், ஜன்னல்ல எட்டிப் பார்த்ததும் நீங்கதானா?"

"அது ரவுண்ட்ஸ்மா."

"யாரு வரச் சொன்னா?"

அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். "அவ மேல ஒரு தப்பும் இல்லம்மா. கோப்பு ரூமுக்கு அனுப்பிடுவாங்க. ஒரே ஒரு சான்ஸ் குடும்மா." இந்த வசனத்தை அவர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். சொல்வது இதுதான் முதல் தடவை, சுமாராகவே சொன்னார்.

அந்தப் பெண் பதிவைத் திரும்ப ஓட்டினாள்.

"ரெக்கார்டிங் கேட்டுட்டேன். விடை மாதிரி எதுவும் இல்ல. மிச்ச நேரத்தைத் தரேன். ஆனா சார், வெளிய அனுப்பினா நீங்க திரும்ப வரமாட்டீங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

"சத்தியமா வரமாட்டேன்மா."

"வேண்டாம். அந்த பீரோ பக்கத்துல, கேமராவுக்குத் தெரியற மாதிரி, சுவரைப் பார்த்து நில்லுங்க. கை பின்னால. திரும்பினாலோ ஒரு வார்த்தை பேசினாலோ பேப்பர் ரத்து."

பருந்து சுவரைப் பார்த்து நின்றது.

பத்து நிமிடம், ஆறு கேள்வி. ஐம்பத்தைந்தும் ஐம்பத்தாறும் போயின. பீரோவின் மேலிருந்த தூசு அவர் மூக்கில் ஏறியது. தோள்கள் ஒருமுறை குலுங்கி நின்றன. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. ஐம்பத்தெட்டாவது கேள்வியில் இரண்டு விடைகளுக்கு நடுவே ஊசலாடி, ஒன்றைத் தொட்டாள். அறுபதாவது கேள்வி மறுபடி அணுக்கள். உதட்டைக் கடித்து எண்ணினாள். பின்னாலிருந்து குக்கர் விசிலுக்கு முன் வருவதுபோல் ஒரு மூச்சு இழுபட்டது. பதினேழு. பதினெட்டு. மூச்சு அப்படியே நின்றது. பத்தொன்பது. அழுத்தினாள். 'சமர்ப்பிக்க வேண்டுமா?' என்றது. வேண்டும்.

ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

'தேர்ச்சி. அறுபதுக்கு நாற்பத்தாறு.'

இரண்டு முறை படித்தாள். தேர்ச்சிக்கு நாற்பத்தைந்து வேண்டும். கேமராவின் பச்சை விளக்கு அணைந்தது. அந்தப் பெண்ணும் போய்விட்டாள்.

அவள் நாற்காலியில் சாய்ந்து, உதட்டில் பல் பதிந்த இடத்தைத் தடவிக்கொண்டாள். சுவரோரம் ஒரு முதுகு விறைத்து நின்றது. காது இரண்டும் சிவந்திருந்தன. பின்னால் கோத்திருந்த கைகளில் கட்டைவிரல்கள் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டிருந்தன. வாயைத் திறக்கப்போனவள் நிறுத்திக்கொண்டாள். சத்தமில்லாமல் எழுந்து, கதவை மெல்லச் சாத்திவிட்டு, அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் உள்ளே வீடே அதிரும்படி ஒரு தும்மல் கேட்டது. அதைத் தொடர்ந்து, அணைந்துபோன கணினியிடம் ஒரு குரல் மன்றாடியது: "அது தும்மல்தாம்மா! பேச்சு இல்ல!"