ஏழாவது வரிசை

அலுவலகத்தில் அவளை எல்லோரும் நெட்வொர்க்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பிரிண்டர் காகிதத்தை மென்று துப்பினாலும் அவள்தான், வாசல் கேமரா கண்ணை மூடிக்கொண்டாலும் அவள்தான். மருந்து மொத்த வியாபாரம், ஒன்பது கிளைகள், கணினியும் சுவிட்சும் கேமராவுமாக நூற்றுச் சொச்சம் பெட்டிகள். அத்தனையும் உயிரோடு இருக்கிறதா என்று கண்காணித்துச் சொல்ல ஒரு மென்பொருள் வாங்க மேலிடம் ஒருவழியாக மனம் இரங்கியிருந்தது. இரண்டு மென்பொருட்களை மூன்று வாரம் ஓட்டிப் பார்த்து, எது தேவலை என்று வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னார் மேனேஜர்.

மேலிடம் சும்மா இரங்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள், முற்பகலில், மொத்த அலுவலகமும் நெட்வொர்க் இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் செத்துக் கிடந்தது. பில் போட முடியாமல் லாரிகள் வாசலில் நின்றன. அந்த நேரம் பார்த்துத்தானா ஏணி அண்ணன் கீழ்த்தளத்தில், நெட்வொர்க் கேபிள் எல்லாம் வந்து சேரும் மெயின் சுவிட்சுக்கு நேர் மேலே கேபிளும் கையுமாக நிற்க வேண்டும்? கேபிள் போடுகிறவர் அவர். தோளில் ஏணி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். "நான் எதையும் இழுக்கல சார்" என்று தலைதலையாய் அடித்துக்கொண்டார். அன்று சாயந்தரமே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு மென்பொருளுக்கும் அவள் வைத்த பெயர் பச்சை, நீலம். திரையின் நிறம் அப்படி. ஒப்பீடு என்றால் ஓரவஞ்சனை கூடாது என்று பழைய மூன்று மாதப் பதிவுகளை இரண்டுக்கும் ஒன்றுபோல ஊட்டினாள். புதன்கிழமை, அந்த நாளை இரண்டிலும் திறந்து பார்த்தாள். பச்சை சொன்னது: 11:42க்கு விழுந்தது, 1:50க்கு எழுந்தது. அவ்வளவுதான். நீலம் அதோடு நிற்கவில்லை. 11:42, மெயின் சுவிட்ச், கேபிள் செருகும் இருபத்துநான்காம் துளை கட்டளையால் மூடப்பட்டது என்று எழுதி, மூடியவர் யார் என்ற இடத்தில் அவளுடைய லாகின் பெயரைப் போட்டிருந்தது.

அன்று நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். திரையில் கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல்கள் இரண்டு திறந்து வைத்திருந்தாள். ஒன்று மாடி சுவிட்ச், இன்னொன்று மெயின். மாடியில் சும்மா கிடந்த இருபத்துநான்காம் துளையை மூட நினைத்துக் கட்டளையைத் தட்டினாள். தட்டிய ஜன்னல் மெயினுடையது என்பது இப்போதுதான் புரிந்தது. மெயினில் அதே எண்ணில்தான், மொத்த அலுவலகமும் இருக்கும் மாடிக்கு வரும் கேபிள் செருகியிருக்கிறது. தட்டியதும் ஜன்னல் உறைந்துபோனது. நெட்வொர்க் போய்விட்டதே என்று படிகளில் தடதடவென இறங்கி ஓடினாள். ஏணியில் அண்ணன். "என்னண்ணே இழுத்தீங்க?" என்று முதலில் கேட்ட வாய் அவளுடையதுதான். பின்னால் வந்த மேனேஜர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். ஏதேதோ செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் மெயினை அணைத்துப் போட்டார்கள். அவள் சேமிக்காமல் விட்ட கட்டளை அதோடு அழிந்துபோக, எல்லாம் எழுந்து உட்கார்ந்தது. ஆளை அனுப்பியது சரிதான் என்று ஊரே நம்பியது. அவளும் நம்பினாள்.

"யாராவது உன்னக் கேட்டாங்களா? பச்சையே நல்லாருக்குன்னு எழுதிட்டுப் போயேன்" என்றான், ராத்திரி அவள் சொன்னதைக் கேட்ட புருஷன். அவனைக் குற்றம் சொல்வானேன், அவளுக்கும் அதே யோசனைதான்.

வியாழக்கிழமை ஏணி அண்ணனே போன் செய்தார். "தங்கச்சி, புது இடத்துல வேலை கேட்டிருக்கேன். உங்க ஆபீசுக்குப் போன் பண்ணி விசாரிப்பாங்களாம். இதோட மூணாவது இடம், முன்ன ரெண்டு பேரும் விசாரிச்சுட்டு வேணாம்னுட்டாங்க. நீயாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லும்மா."

"சொல்றேண்ணே" என்றாள். போனை வைத்ததும் தன்மேல் அப்படியொரு அருவருப்பு வந்தது.

அறிக்கையில் பன்னிரண்டு வரிசைக்கு ஓர் அட்டவணை. ஏழாவது வரிசை: யார் எதை மாற்றினார் என்று காட்டுமா? பச்சை, காட்டாது. நீலம், காட்டும். உதாரணத்துக்கு நீலம் காட்டிய அந்த 11:42 பதிவின் படத்தைத் தன் பெயரோடு ஒட்டினாள். வாய் திறந்து சொல்லத் துணிவில்லை. அட்டவணை சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டாள்.

மேனேஜர் எந்தக் காலத்தில் அட்டவணை படித்தார்? நேரே கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த இரண்டு திரைகளின் படத்துக்குப் போனார். "பச்சை பாக்கறதுக்கு சுலபமா இருக்கு. அதையே போட்டுருவோம்."

"ஏழாவது வரிசையப் பாருங்க சார்."

"பொடி எழுத்துக்குக் கண்ணாடி வேணும், அது வண்டியில இருக்கு. நீயே படி."

படித்தாள். தன் பெயரையும் விடவில்லை. "ஏணி அண்ணன் எதையும் இழுக்கல சார். மூடினது நான்தான்."

மேனேஜர் பேனாவை மூடினார். ஆளை அனுப்பிய தாளில் இருப்பது அவர் கையெழுத்து. "நல்லவேளை, எங்கிட்ட சொன்ன" என்றார் மெதுவாக. "அந்த வரிசைய எடுத்துட்டு மேல அனுப்பிரு. பச்சைதான் வாங்கறோம்."

இருக்கைக்கு வந்தாள். வரிசையைத் தேர்ந்தெடுத்து விரலை அழிக்கும் பொத்தான்மேல் வைத்தாள். மூன்றாவது இடம் என்று அவர் சொன்னதுதான் காதில் நின்றது. விரலை எடுத்து, பன்னிரண்டு வரிசையோடும் மேலிடத்துக்கு அனுப்பினாள். உடனே ஏணி அண்ணனைப் போனில் கூப்பிட்டு, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"நான் இழுக்கலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "யாருன்னுதான் தெரியாம இருந்துச்சு. சொன்னதுக்கு ரொம்ப நன்றி, மேடம்."